பொதுக் குளியல் துறைகளில் கழிவு கலக்கும் அபாயம்: புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்கு

ஆற்றுப் படித்துறையோ, கோயில் குளமோ, கடற்கரையோ, பொதுமக்கள் இறங்கிக் குளிக்கும் ஓர் இடத்தின் பொறுப்பு புதிதாக உங்களிடம் வந்திருக்கிறதா? முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆய்வக அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு இன்று குளிக்க வருபவரைக் காப்பாற்ற முடியாது. திங்கள் காலை எடுத்த மாதிரிக்கு, வேகமான முறையில் சோதித்தாலும் செவ்வாய்தான் முடிவு வரும். பல ஊர்களில் இன்னும் நடக்கும் பல்குழாய் முறையில் (பல சோதனைக் குழாய்களில் நீரை விட்டு எதிலெல்லாம் கிருமி வளர்கிறது என்று பார்ப்பது) இரண்டு முதல் நான்கு நாள் ஆகும். அதற்குள் அந்தத் தண்ணீர் கடலுக்கே போய்ச் சேர்ந்திருக்கும்.

அறிக்கையின் வேலை உங்கள் இடத்தின் குணத்தைச் சொல்வது. துறையை மூடுவதா திறப்பதா என்ற முடிவை மழை, சாக்கடை, நிறம், நாற்றம் இவற்றை வைத்துத்தான் எடுக்க வேண்டும். அப்படி எடுக்க, கழிவு எங்கிருந்து வருகிறது, எப்போது வருகிறது என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். வேலையின் முக்கால் பங்கு அதுதான். சுழல், இழுவை, ஆழம் போன்ற மூழ்கும் அபாயங்கள் தனிக் கதை. அவற்றை இங்கே தொடவில்லை.

எதற்காக இத்தனை பாடு

மலம் கலந்த நீரை ஒருவாய் விழுங்கினால் வருபவை வயிற்றுப்போக்கு, வாந்தி, டைபாய்டு, மஞ்சள் காமாலை. விழுங்காமலேயே வருபவையும் உண்டு: காது வலி, கண் சிவத்தல், சொறி, பிறகு எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீரும் கால்நடைகளின் சிறுநீரும் கலந்த நீர், காலில் உள்ள சிறு கீறல் வழியே உள்ளே போனாலே போதும். அதனால் புண்ணோடு இறங்கக் கூடாது என்பதைப் பலகையில் முதல் வரியாகவே எழுதலாம்.

மூளையைத் தாக்கும் நெக்லேரியா அமீபா கழிவோடு வருவதன்று. வெதுவெதுப்பான, தேங்கிய நன்னீரில் தானாகவே வளர்வது. குடித்தால் ஒன்றும் செய்யாது, மூக்கின் வழியே ஏறினால்தான் ஆபத்து. நோய் மிக அரிது. வந்தால் பிழைப்பவர் மிகக் குறைவு. கேரளத்தில் 2024இலும் 2025இலும் பலருக்கு அமீபா மூளைக்காய்ச்சல் வந்த பிறகு குளங்களைப் பற்றிய பயம் இங்கேயும் பரவியது. கோடையில் நீர் குறைந்து சூடேறிய குளத்தில் குதிப்பதையும் முங்குவதையும் தடுப்பது, அல்லது மூக்குக் கிளிப் போடச் சொல்வது, இவைதான் உருப்படியான வழிகள். மலக்கிருமிச் சோதனை இந்த அமீபாவைக் காட்டாது. அறிக்கை நன்றாக இருக்கிறது என்று சொல்லி இந்த விஷயத்தில் நிம்மதி அடைந்துவிடாதீர்கள்.

கரையோரம் நடப்பது

எந்தச் சோதனைக்கும் முன்னால் செய்ய வேண்டியது இது. ஆற்றுத்துறை என்றால் துறையிலிருந்து மேல்நோக்கி இரண்டு கிலோமீட்டராவது இரு கரையிலும் நடங்கள். கடற்கரை என்றால் இரு பக்கமும் அடுத்த முகத்துவாரம் வரை. கையில் ஊர் வரைபடம், கைபேசி, பத்து லிட்டர் பக்கெட், ரப்பர் கையுறை. இரண்டு தடவை நடக்க வேண்டும்: ஒன்று மூன்று நாளாக மழையே இல்லாத ஒரு காலையில், ஆறு மணியிலிருந்து ஒன்பது மணிக்குள், மற்றொன்று நல்ல மழை பெய்த மறுநாள்.

காய்ந்த நாளில் நடப்பதற்குக் காரணம் உண்டு. மழைநீர் வடிகால் என்பது மழை இல்லாதபோது காய்ந்து கிடக்க வேண்டும். மூன்று நாள் மழை இல்லாமலும் அதில் தண்ணீர் ஓடினால், பெரும்பாலும் யாரோ வீட்டுக் கழிவை அதில் இணைத்திருக்கிறார்கள். காலை நேரத்தில் ஓட்டம் கூடி, மதியம் குறைந்தால் சந்தேகமே வேண்டாம். குழாய் வாயில் கல்லின் மேல் சாம்பல் நிறத்தில், நனைந்த பஞ்சு போல வழவழப்பாக ஏதோ படிந்து நீரில் ஆடிக்கொண்டிருந்தால் அது சாக்கடை நீரில் வளரும் கிருமிப் படலம். நாளைக்கு நீங்கள் வரும்போது குழாய் காய்ந்திருந்தாலும், அந்தப் படலம் உண்மையைச் சொல்லிவிடும். அழுகிய முட்டை நாற்றம், கரிய சேறு, சோப்பு நுரை ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கட்டடத்திலிருந்து வருகிறது என்று தெரியவில்லையென்றால், நீர்த்தடம் பார்ப்பதற்கென்றே விற்கும் பச்சை ஒளிர்சாயத்தைச் சந்தேகத்துக்குரிய கழிப்பறையில் ஊற்றி, வடிகால் வாயில் ஓர் ஆளை நிறுத்துங்கள். சாயம் வந்தால் வாக்குவாதம் முடிந்தது. உள்ளாட்சியின் ஆள் கூட இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார், ஊரில் பகையும் வரும்.

நடக்கும்போது பட்டியலில் சேர வேண்டியவை: கழிவுநீரேற்று நிலையமும் அதன் உபரி வெளியேறும் குழாயும் (மின்சாரம் நின்றால் எங்கே வழியும் என்று அங்குள்ள ஊழியரிடமே கேளுங்கள்), செப்டிக் டேங்க் லாரிகள் ஒதுங்கும் இடம், பொதுக் கழிப்பறை, மாடு குளிப்பாட்டும் இடம், மீன் அல்லது இறைச்சிச் சந்தை, குப்பைமேடு, சாயப்பட்டறை, சுடுகாட்டுப் படித்துறை. லாரிகள் பெரும்பாலும் இருட்டிய பிறகுதான் வரும். ஆற்றங்கரை மண்ணில் இரட்டைச் சக்கரத் தடமும், அது முடியும் இடத்தில் சரிவில் கறுத்த கோடும் இருந்தால் அந்த இடத்தைச் சிவப்பில் குறியுங்கள்.

மழைக்குப் பிந்தைய நடையில் ஒரே கேள்விதான்: காய்ந்த நாளில் இல்லாத எந்தெந்த வாய் இன்று திறந்திருக்கிறது?

ஒரு சின்னக் கணக்கு

கண்டுபிடித்த ஒவ்வொரு வாயிலும் பக்கெட்டைப் பிடித்து எத்தனை நொடியில் நிறைகிறது என்று பாருங்கள். பத்து லிட்டர் ஐந்து நொடியில் நிறைந்தால் நொடிக்கு 2 லிட்டர். பார்வைக்குச் சில தோட்டத்துக் குழாய்கள் சேர்ந்த ஓட்டம், அவ்வளவுதான்.

சுத்திகரிக்காத சாக்கடை நீரில் 100 மி.லிக்கு ஒரு கோடி அளவில் மலக் கோலிஃபார்ம் (மலம் கலந்ததைக் காட்டும் குடல் கிருமிகள்) இருப்பது சாதாரணம். அதை 500க்குக் கொண்டுவர 20,000 மடங்கு சுத்தமான நீர் வேண்டும். ஆக நொடிக்கு 2 லிட்டர் ஓடும் அந்தக் குழாயைச் சமாளிக்க, நொடிக்கு 40,000 லிட்டர், அதாவது சுமார் 1,400 கன அடி தூய நீர் ஆற்றில் ஓட வேண்டும். கோடையில் நம் ஆறுகளில் அது எங்கே இருக்கிறது? “ஆறு பெரியது, கரைந்து போய்விடும்” என்று யாராவது கூட்டத்தில் சொன்னால் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வரும் நீரும் இதே கணக்கில்தான் அடங்கும். வழக்கமான சுத்திகரிப்பு கிருமிகளில் 99 சதவீதத்தை நீக்கினாலும் ஒரு கோடி ஒரு லட்சமாகும்; கடைசியில் குளோரினோ புற ஊதா விளக்கோ இல்லாவிட்டால் அது குளிக்கும் நீர் ஆகாது. நிலையம் இருக்கிறதா என்று கேட்பதோடு நிறுத்தாமல், கடைசிக் கட்டக் கிருமிநீக்கம் இந்த மாதம் ஓடியதா என்று கேளுங்கள்.

இன்னொன்று: கரையில் விழும் கழிவு உடனே ஆறு முழுக்கக் கலந்துவிடாது. விழுந்த கரையை ஒட்டியே நெடுந்தூரம் போகும். அதனால் துறையைச் சாக்கடை வாய்க்கு மேற்புறமாக நகர்த்துவது, முடியாவிட்டால் எதிர்க்கரைக்கு மாற்றுவது, பல நேரங்களில் லட்சங்கள் செலவாகும் திட்டத்தைவிடச் சீக்கிரம் பலன் தரும். கடலில் இதைக் கரையோர நீரோட்டம் தீர்மானிக்கிறது. சென்னைக் கடற்கரையில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நீரோட்டம் தெற்கு நோக்கியும், தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் வடக்கு நோக்கியும் போகும். ஆகவே அடையாறு முகத்துவாரத்தின் கழிவு மழைக்காலத்தில் பெசன்ட் நகர்ப் பக்கமும், மற்ற காலத்தில் பட்டினப்பாக்கம் பக்கமும் ஒதுங்க வாய்ப்பு அதிகம். உங்கள் கடற்கரைக்கு அருகே முகத்துவாரம் இருந்தால், எந்த மாதம் நீங்கள் அதன் கீழ்நீரோட்டப் பக்கம் இருக்கிறீர்கள் என்பதைச் சுவரில் எழுதி வையுங்கள்.

மாதிரி எடுப்பது

இங்கேதான் அதிகமாகத் தவறு நடக்கிறது. தப்பாக எடுத்த மாதிரிக்கு ஆய்வகம் எவ்வளவு நுணுக்கமாக எண் கொடுத்தாலும் பயனில்லை.

1. ஆய்வகத்திலிருந்து கிருமிநீக்கம் செய்த 250 அல்லது 500 மி.லி. பாட்டில் வாங்குங்கள். தண்ணீர் பாட்டில், ஜூஸ் பாட்டில் கூடாது. குளோரின் போட்ட குளம் என்றால் சோடியம் தயோசல்பேட் உள்ள பாட்டில் கேளுங்கள். இல்லாவிட்டால் வழியெல்லாம் குளோரின் கிருமியைக் கொன்றுகொண்டே வரும், அறிக்கை பொய்யாக நன்றாக இருக்கும்.

2. நேரம் காலை ஏழிலிருந்து ஒன்பது. வெயில் ஏற ஏறக் கிருமிகள் சாகும். மதியம் இரண்டு மணிக்கு எடுத்தால் நல்ல எண் வரும். ஆனால் மக்கள் குளிப்பது காலையில்.

3. அதிகம் பேர் குளிக்கும் இடத்தில், ஒரு மீட்டர் ஆழமாவது உள்ள நீரில், மேற்பரப்புக்கு 30 செ.மீ. கீழே எடுக்க வேண்டும். நடந்து போகும்போது அடிச்சேறு கலங்கும். சேற்றில் கிருமிகள் மிகுதி. ஒரு நிமிடம் நின்று, கலங்கல் நகர்ந்த பிறகு, நீரோட்டத்தை எதிர்நோக்கி நின்று எடுங்கள்.

4. மூடியைத் திறந்து கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், கீழே வைக்காதீர்கள். பாட்டிலைக் கவிழ்த்தபடி அமிழ்த்தி, 30 செ.மீ. ஆழத்தில் வாயை நீரோட்டம் வரும் பக்கம் திருப்பி நிரப்புங்கள். பாட்டிலை அலசக் கூடாது. மேலே இரண்டு விரற்கடை காலி இடம் இருக்கட்டும், ஆய்வகத்தில் குலுக்க அது வேண்டும்.

5. பெயர்ச்சீட்டை நீரில் இறங்கும் முன்பே கரையில், பாட்டில் காய்ந்திருக்கும்போதே ஒட்டிவிடுங்கள். நனைந்த பாட்டிலில் எதுவும் ஒட்டாது.

6. ஐஸ் பெட்டியில், வெளிச்சம் படாமல், 4 டிகிரியை ஒட்டிய குளிரில் கொண்டுபோங்கள். ஐஸ் உருகிய நீரில் பாட்டில் மூழ்கிக் கிடக்கக் கூடாது; மூடி வழியே கசியும். ஆறு மணி நேரத்துக்குள் சேர்ப்பது நல்லது, 24 மணி நேரத்தைத் தாண்டினால் கொட்டிவிட்டு மறுபடி எடுங்கள். பஸ்ஸில் பார்சல் போட்டு மறுநாள் எடுத்துக்கொள்ளும் பழக்கம் சில ஊர்களில் உண்டு. அந்த எண்களை நம்ப வேண்டாம்.

பாட்டிலோடு ஒரு தாளும் போக வேண்டும்: கடந்த 24, 48, 72 மணி நேர மழை, நீரின் நிறம், முழங்கால் ஆழத்தில் பாதம் தெரிகிறதா, குளிப்பவர் எத்தனை பேர், கால்நடை உண்டா, கடல் என்றால் ஏற்றமா வற்றமா. முகத்துவாரம் அருகே வற்றத்தின்போதுதான் கழிவு வெளியே வரும். ஏற்றத்தில் மட்டும் எடுத்துக்கொண்டிருந்தால் வருடம் முழுவதும் நல்ல அறிக்கையே வரும். இந்தத் தாள் இல்லாத எண்ணால் ஓராண்டு கழித்து ஒன்றும் கற்றுக்கொள்ள முடியாது.

மாதத்துக்கு ஒன்று குறைந்தபட்சம். நீலக்கொடி என்னும், சுத்தமான கடற்கரைகளுக்கான சர்வதேசச் சான்று பெற்ற கடற்கரைகளில் இரண்டு மாதிரிகளுக்கு இடையே 31 நாளுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. 2021இல் அந்தச் சான்று பெற்ற, சென்னைக்கு அருகிலுள்ள கோவளமும் புதுச்சேரியின் ஈடன் கடற்கரையும் இந்தக் கணக்கில்தான் வரும். இது தவிர, மழைக்குப் பிந்தைய மாதிரிகளைத் தனியாக எடுங்கள். அவைதான் அதிகம் பேசும்.

நீர்த்தூய்மை ஆய்வகத்திடம் முன்கூட்டியே ஒன்று சொல்லிவிட வேண்டும்: “நேரடியாகவும், பத்து மடங்கு நீர்த்தும், இரண்டும் போடுங்கள்.” சொல்லாவிட்டால் ஐந்து குழாய் முறையில் “1,600க்கு மேல்” என்றும், தட்டு முறையில் “2,419.6க்கு மேல்” என்றும் அறிக்கை வரும். நம் உச்ச வரம்பே 2,500. ஆக அந்த அறிக்கை வரம்பைத் தாண்டியதா இல்லையா என்பதைக்கூடச் சொல்லாது. கட்டணம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வர வேண்டியதுதான்.

குடிநீருக்கு வரும் கறுப்பாகும் குப்பிச் சோதனையை இங்கே பயன்படுத்தாதீர்கள். ஆற்று நீர் எதை ஊற்றினாலும் அது கறுக்கும். எவ்வளவு என்று சொல்லாது.

அறிக்கையைப் படிப்பது

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் குளியல் நீர் அளவுகோல்படி, 100 மி.லிக்கு மலக் கோலிஃபார்ம் 500க்குள் இருப்பது விரும்பத்தக்கது, 2,500 உச்ச வரம்பு. மல ஸ்ட்ரெப்டோகாக்கைக்கு 100, 500. பி.எச். 6.5 முதல் 8.5, கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மி.கி. அல்லது மேல், பி.ஓ.டி. (நீரிலுள்ள கழிவைச் சிதைக்கக் கிருமிகள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன்) 3 மி.கி. அல்லது கீழ். கடலில் குளிப்பதற்கான பிரிவில் மலக் கோலிஃபார்ம் 100 மி.லிக்கு 100தான். நீலக்கொடிக்கு ஈ.கோலி 250, என்டரோகாக்கை (இதுவும் மலத்தோடு வரும் குடல் கிருமி) 100.

இந்த எண்களை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ள வேண்டாம். மலக் கோலிஃபார்மும் ஈ.கோலியும் ஒன்றல்ல, முந்தையது பெரிய கூட்டம், பிந்தையது அதில் ஒரு பகுதி. உப்பு நீரில் ஈ.கோலி சீக்கிரம் செத்துவிடும், என்டரோகாக்கை அதிக நாள் தாக்குப்பிடிக்கும். கடற்கரைக்கு ஒரே ஒரு சோதனைக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் என்டரோகாக்கையைத் தேர்ந்தெடுங்கள். எந்தச் சோதனை, எந்த முறை என்பதை வருடத்தின் நடுவில் மாற்றாதீர்கள்.

சராசரி எடுக்கும்போதும் கவனம் வேண்டும். ஐந்து மாதிரிகள் 80, 120, 150, 200, 3,000 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். கூட்டி ஐந்தால் வகுத்தால் 710. ஒரே ஒரு மழைநாள் எல்லாவற்றையும் இழுத்துவிட்டது. பெருக்குச் சராசரி (ஐந்தையும் பெருக்கி, அதன் ஐந்தாம் மூலம்) எடுத்தால் சுமார் 244. அது வழக்கமான நாளின் நிலையைக் காட்டும், ஆனால் அந்த 3,000ஐ மறைத்துவிடும். நமக்கு இரண்டும் தேவை: வழக்கமான நாள் எப்படி, மோசமான நாள் எவ்வளவு மோசம். மோசமான நாளின் தாளை எடுத்து மழைப் பத்தியைப் பாருங்கள். அங்கேதான் உங்கள் விதி பிறக்கும்.

மழை விதி

நேராக நிற்கும் சுவருள்ள ஒரு தகர டப்பாவும் ஸ்கேலும் இருந்தால் மழைமானி தயார். திறந்த வெளியில், மரம் கூரை இல்லாத இடத்தில் வைத்து, தினம் காலை 8.30க்கு அளந்து கொட்டுங்கள். வானிலைத் துறையின் மழைநாளும் 8.30இலிருந்துதான் கணக்கு.

வானிலை அறிக்கையில் கனமழை என்றால் 24 மணி நேரத்தில் 64.5 மி.மீட்டரும் அதற்கு மேலும். அதுவரை காத்திருந்தால் கதை முடிந்தது. தெருவோரச் சாக்கடையும் வடிகாலும் அடித்துக்கொண்டு வர 10, 15 மி.மீ. போதும். உங்கள் ஊருக்கென்று தரவு சேரும் வரை இப்படித் தொடங்கலாம்:

10 மி.மீட்டருக்கு மேல் மழை என்றால், மழை நின்றதிலிருந்து 48 மணி நேரம் குளிக்க வேண்டாம் என்ற அறிவிப்பு. ஒரு மாதத்துக்கு மேல் காய்ந்து கிடந்த பிறகு வரும் முதல் மழை என்றால், வடிகாலில் நீர் ஓடும் அளவுக்குப் பெய்தாலே போதும், 72 மணி நேரம். முகத்துவாரத்தை அடைத்திருந்த மணல்மேடு உடைந்து ஆற்று நீர் கடலோடு கலந்த நாளும் அதே 72.

பிறகு மழை கழிந்த ஒன்றாம், இரண்டாம், மூன்றாம் நாள் மாதிரிகளை எடுத்துப் பாருங்கள். ஒரு பருவமழைக் காலத்தில் நான்கைந்து மழைக்கு இப்படிச் செய்தால், உங்கள் துறை எத்தனை மி.மீட்டரில் கெடுகிறது, எத்தனை மணி நேரத்தில் தேறுகிறது என்பது பிடிபட்டுவிடும். எண்களைக் கூட்டவோ குறைக்கவோ அப்போது உங்களுக்கு உரிமை உண்டு.

உள்ளூரில் மழையே இல்லாமலும் ஆறு கெடும். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12இல் திறக்கப்படும்போது, மாதக்கணக்கில் காய்ந்த படுகையில் தேங்கியிருந்த குட்டைகள், குப்பை, மலம் எல்லாவற்றையும் முதல் தண்ணீர் தள்ளிக்கொண்டு வரும். பூ தூவி வரவேற்று அதில் முங்கி எழுவது டெல்டாவில் வழக்கம். பூவைத் தூவட்டும், முங்குவதை மூன்று நாள் தள்ளிப்போடச் சொல்லுங்கள். அணை, மதகு திறக்கும் தேதியைப் பொதுப்பணித்துறை அல்லது நீர்வளத்துறை அலுவலகத்திலிருந்து முன்கூட்டியே தெரிந்துகொள்ள ஒரு தொடர்பு வேண்டும். கழிவுநீரேற்று நிலையத்திலும் அதேபோல் ஒருவர் வேண்டும்: பம்ப் நின்றால் உங்களுக்கு முதலில் போன் வர வேண்டும்.

நிறமும் நுரையும்

குளம் பச்சையாகிவிட்டதா? ஒரு குச்சியை விட்டுத் தூக்குங்கள். தலைமுடி போல நூல்நூலாகத் தொங்கினால் சாதாரணப் பாசி, அசிங்கம்தான், விஷமில்லை. பெயின்டில் தோய்த்தது போலக் குச்சியில் பூசிக்கொண்டால் நீலப்பச்சைப்பாசி என்று சந்தேகப்படுங்கள். உறுதிப்படுத்த, கையுறை போட்டு ஒரு கண்ணாடி ஜாடியில் முக்கால் பாகம் அள்ளி, மூடி, குலுக்காமல் ஓர் இரவு ஃப்ரிட்ஜில் வையுங்கள். அடியில் படிந்தால் பெரும்பாலும் சாதாரணப் பாசி. மேலே பச்சை ஏடாக மிதந்தால் துறையை மூடுங்கள். மாடுகளையும் நாய்களையும்கூட விடக் கூடாது. நீலப்பச்சைப்பாசியின் நஞ்சு ஈரலைத் தாக்கும், கொதிக்க வைத்தாலும் போகாது. கொல்கிறேன் என்று மருந்து கொட்டினால் செத்த பாசி நஞ்சை மொத்தமாக நீரில் விட்டுவிடும். காற்று எந்தக் கரைக்கு அடிக்கிறதோ அங்கே ஏடு ஒதுங்கும்; எதிர்க்கரையில் நீர் தெளிவாக இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

கடற்கரை நுரை வேறு. 2019 டிசம்பரில் மெரினாவில் முழங்கால் வரை நுரை ஒதுங்கி, குழந்தைகள் அதில் விளையாடிய படங்கள் உலகமெல்லாம் போயின. சோப்புத்தூள் கலந்த கழிவுநீர் ஆறுகள் வழியே கடலில் சேர்ந்து அலை அடிக்கும்போது உண்டாவது அது. உயிரினச் சிதைவாலும் கொஞ்சம் நுரை இயல்பாக வரும், ஆனால் மழைக்குப் பின், முகத்துவாரம் அருகே, மணிக்கணக்கில் உடையாமல் நிற்கும் நுரையைக் கழிவு என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய்ப் படலம் கண்டால் அது உங்கள் கையில் முடியும் வேலையன்று. மூடிவிட்டு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும், கடல் என்றால் கடலோரக் காவல்படைக்கும் தெரிவியுங்கள். சோப்புப் போட்டு எண்ணெயைக் கரைக்க முயலக் கூடாது.

குளத்துக்குக் குளோரின்

திருவிழாவுக்கு முன்னால் “பிளீச்சிங் பவுடர் போட்டாச்சா?” என்று எல்லோரும் கேட்பார்கள். ஓடும் ஆற்றிலும் கடலிலும் போடுவது வீண் செலவு. மீன் உள்ள குளத்தில் போட்டால் மறுநாள் மீன்கள் மிதக்கும், அவை அழுகி நீர் இன்னும் கெடும். பச்சையான குளத்தில் பாசியே குளோரினைத் தின்றுவிடும். மதியத்தில் அந்த நீரின் பி.எச். 9ஐத் தாண்டுவதால் மிச்சமிருப்பதும் வேலை செய்யாது. புதுத் தண்ணீர் நிரப்பிய, மீன் இல்லாத, சிறிய குளத்துக்கு மட்டும்தான் இது.

எவ்வளவு போடுவது? புதுப் பவுடரில் 33 சதவீதம் அளவில் குளோரின் இருக்கும். கோணி பிரித்து ஈரத்தில் கிடந்தது 25க்கும் கீழே போயிருக்கும். 25 என்றே வைத்துக் கணக்கிடலாம். 40 கிராம் பவுடரை ஒரு லிட்டர் நீரில் கரைத்துத் தெளியவிட்டால் ஒரு சதவீதக் கரைசல். ஆறு பிளாஸ்டிக் பக்கெட்டுகளில் குளத்து நீர் பத்துப் பத்து லிட்டர் எடுத்து, அந்தத் தெளிவிலிருந்து 1, 2, 3 என்று 6 மி.லி. வரை விடுங்கள். ஒவ்வொரு மி.லியும் லிட்டருக்கு ஒரு மி.கி. குளோரின். அரை மணி கழித்து மீதக் குளோரினைச் சோதனைக் கிட்டில் பாருங்கள். 0.5 மி.கி. மீதம் காட்டும் முதல் பக்கெட் எதுவோ அதுதான் உங்கள் அளவு.

குளம் 40 மீட்டருக்கு 40 மீட்டர், நீர் ஒரு மீட்டர் என்றால் 1,600 கன மீட்டர், அதாவது 16 லட்சம் லிட்டர். மூன்றாவது பக்கெட் என்றால் 4.8 கிலோ குளோரின், பவுடராக 19 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். ஆறாவது பக்கெட்டிலும் மீதம் காட்டவில்லையென்றால் அந்தத் தண்ணீரில் அழுக்கு அதிகம். குளத்தை வடித்து, சேறு வாரி, மறுபடி நிரப்புவதே வழி.

பவுடரை நேராகத் தூவாதீர்கள், அடியில் கட்டியாகப் போய் உட்காரும். பிளாஸ்டிக் டிரம்மில் கரைத்து, தெளிவை மட்டும் மாலை வெயில் தாழ்ந்த பிறகு நாலு பக்கமும் ஊற்றுங்கள். கரைப்பவர் கையுறையும் முகக்கவசமும் கண்ணாடியும் போட்டு, காற்று முதுகுப் பக்கம் வரும்படி நிற்க வேண்டும். கழிப்பறை ஆசிட் இருந்த டிரம்மை எடுக்கவே கூடாது, நச்சுவாயு கிளம்பும். கூட்டம் இறங்கிய பிறகு குளோரின் மளமளவென்று தீரும். அதனால் மணிக்கொரு முறை பார்க்க ஓர் ஆள் வேண்டும்.

கூட்டம் கூடும் நாள்

ஆடிப்பெருக்கு, தை அமாவாசை, புஷ்கரம் போன்ற நாட்களில் குளிப்பவர்களே மாசுக்குக் காரணமாவார்கள். இதற்குப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டாம். தற்காலிகக் கழிப்பறைகளைத் துறைக்குக் கீழ்ப்புறம், வெள்ளம் ஏறாத மேட்டில் வையுங்கள். தொட்டி நிறைந்தால் எடுக்கும் லாரிக்கு வழி விடுங்கள். வழி அடைபட்டால் தொட்டிகள் மதியத்துக்குள் வழியும். அந்தக் கழிவு ஆற்றில்தான் போய்ச் சேரும். உடை மாற்றும் மறைப்பு, துணி போடத் தொட்டி, குப்பைக் கூடை மூன்றும் படிக்கட்டின் மேலேயே இருக்க வேண்டும். பாபநாசத்திலும் ராமேஸ்வரத்திலும் பரிகாரமாகத் துணியை நீரிலேயே விடும் வழக்கம் இருப்பது தெரிந்ததுதான். தொட்டி பத்தடி தள்ளி இருந்தால் துணி ஆற்றில்தான் போகும். குற்றால அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்புவுக்குத் தடை உண்டு. அதே விதியை உங்கள் துறையிலும் வைக்கலாம், ஆனால் நுழைவாயிலில் கடைக்காரர் ஷாம்பு பாக்கெட் விற்றுக்கொண்டிருந்தால் அது நடக்காது. முதலில் கடைகளோடு பேசுங்கள்.

அறிவிப்புப் பலகை

“எச்சரிக்கை! நீர் மாசடைந்துள்ளது” என்று நிரந்தரமாகத் துருப்பிடித்து நிற்கும் பலகையை யாரும் படிப்பதில்லை. காரணமும் தேதியும் இருந்தால்தான் நம்புவார்கள். சாக்பீஸால் மாற்றி எழுதும் கரும்பலகையே போதும்:

“இன்று இங்கே குளிக்க வேண்டாம். நேற்றைய மழையில் சாக்கடை நீர் கலந்துள்ளது. அடுத்த அறிவிப்பு வெள்ளி காலை 8 மணிக்கு. குளித்தவர்களுக்குக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு வந்தால் மருத்துவரிடம் இங்கே குளித்ததைச் சொல்லவும்.”

வெள்ளி காலை 8 மணிக்கு உண்மையிலேயே யாராவது வந்து எழுத வேண்டும். ஒரு தடவை தவறினால் அடுத்த பலகைக்கு மதிப்பு இராது. வாகனம் நிறுத்தும் இடத்திலேயே பலகை வேண்டும். துண்டும் கையுமாகப் படி இறங்கி வந்தவரைத் திருப்பி அனுப்புவது கடினம். மூடும் அதிகாரம் யாருக்கு, அவர் ஊரில் இல்லாவிட்டால் யாருக்கு என்பது மழைக்காலத்துக்கு முன்பே செயல் அலுவலர் அல்லது ஆணையரின் கையெழுத்தோடு ஒரு தாளில் இருக்க வேண்டும். மழை இரவில்தான் பெய்யும். காலை ஐந்தரைக்கு யாரிடம் அனுமதி கேட்பது?

மறுபடி திறப்பதும் புகார்ப் பதிவேடும்

விதிப்படி நேரம் கடந்ததும் உடனே திறக்க வேண்டாம். வடிகால் வாய்களில் ஓட்டம் நின்றதா, முழங்கால் ஆழத்தில் பாதம் தெரிகிறதா, நாற்றம் போயிற்றா, மூன்றையும் பாருங்கள். ஒன்று சரியில்லையென்றாலும் இன்னொரு நாள். குழாய் உடைப்பு, பம்ப் பழுது, லாரிக் கழிவு போன்றவற்றால் மூடியிருந்தால், காரணம் நின்ற பிறகு எடுத்த மாதிரியின் முடிவு வந்த பின்பே திறக்க வேண்டும். மாசு நீங்கிய ஏழாம் நாள் இன்னொரு மாதிரி எடுப்பது ஐரோப்பிய நாடுகளின் நடைமுறை, நமக்கும் நல்லதே.

யாராவது வந்து “இங்கே குளித்து உடம்புக்கு ஆகவில்லை” என்றால் வாதாடாமல் எழுதிக்கொள்ளுங்கள்: குளித்த தேதி, நேரம், படியின் எந்தப் பக்கம், நீர் விழுங்கினாரா, புண் இருந்ததா, எத்தனை நாள் கழித்து என்ன அறிகுறி. வயிற்றுப்போக்கு பெரும்பாலும் ஓரிரு நாளில் தெரியும். எலிக்காய்ச்சலுக்கு ஒன்று இரண்டு வாரம் ஆகும், மஞ்சள் காமாலைக்கு ஒரு மாதம்கூட ஆகலாம். அதனால் நேற்றைய நீரை மட்டும் பார்க்காமல், அந்தந்த நாளின் மழைத் தாளைத் திருப்பிப் பார்க்க வேண்டும். ஒரே வாரத்தில் ஒரே துறையில் குளித்த இரண்டு பேருக்கு மேல் புகார் வந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அன்றே தகவல் போக வேண்டும். தலைவலி, காய்ச்சல், கழுத்து விறைப்போடு ஒரு குழந்தையைக் கொண்டுவந்தால், அடுத்த ஆளுக்காகக் காத்திருக்காமல் நேராக அரசு மருத்துவமனைக்கு அனுப்பி, குளத்தில் முங்கிய விவரத்தையும் சீட்டில் எழுதிக் கொடுங்கள்.